சொந்த ஊர்க்காரங்களே கூச்சல் போட்ட ஆட்டக்காரர், 11 கோப்பை ஜெயிச்ச மேனேஜர் ஆன கதை

கேள்வி இதுதான்: அயர்லாந்தோட ஹர்லிங் விளையாட்டுல பிரையன் கோடி அளவுக்கு ஜெயிச்ச மேனேஜர் யாருமே இல்லைங்கறாங்களே, அவர் ஆடின காலத்துல எப்படி, பெரிய ஸ்டாரா இருந்ததாலதான் மேனேஜராவும் ஜெயிச்சாரா?

நல்ல ஆட்டக்காரர்தான், அதுல சந்தேகமே வேணாம். ஆனா அவர் ஆடின காலத்து கில்கென்னி மாவட்ட டீம்ல அவரைவிடப் பெரிய பேரெல்லாம் நிறைய இருந்துச்சு, அதனால ஸ்டாரா இருந்ததாலதான் ஜெயிச்சார்னு சொன்னா அது தப்பு. என்னைக் கேட்டா காரணமே வேற. ஒருத்தனை டீமைவிட்டு உட்கார வைச்சா அது எப்படி வலிக்கும்னு அவருக்கு சொந்த அனுபவத்துல தெரியும், தெரிஞ்சும் மத்தவங்களை உட்கார வைக்க அவர் ஒருநாளும் தயங்கல, அங்கேதான் அவர் மேனேஜரா இருந்த அந்த 24 வருஷமும் ஆரம்பிக்குது. இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், பொறுமையா படிங்க.

ஹர்லிங் பாக்காதவங்களுக்காக முதல்ல ரெண்டு விஷயம். ஒரு பக்கத்துக்கு 15 பேர், ஆஷ் மரத்துல செஞ்ச வளைஞ்ச மட்டை, அதுக்கு ஹர்லின்னு பேரு, தோல் போட்ட சின்னப் பந்துக்கு ஸ்லிட்டர்னு பேரு. கோல் கம்பம் எச் எழுத்து மாதிரி இருக்கும், குறுக்குக் கம்பிக்கு மேல பந்து போனா 1 பாயின்ட், கீழ வலைக்குள்ள போனா கோல், அது 3 பாயின்டுக்குச் சமம். ஸ்கோர் போடும்போது கோல் முதல்ல, பாயின்ட் அப்புறம், அதாவது 2-20ன்னா 2 கோலும் 20 பாயின்டும், மொத்தம் 26. பந்து காத்துல பறக்கிற வேகத்துக்கு டிவியில பாத்தா முதல் பத்து நிமிஷம் கண்ணுக்கே பிடிபடாது, பழகினப்புறம் வேற எந்த விளையாட்டும் மெதுவாத் தெரியும்.

இன்னொரு விஷயம்தான் இந்தப் பதிலுக்கு ரொம்ப முக்கியம். இதை நடத்துறது 1884ல டிப்பரேரி மாவட்டத்துல தர்லஸ்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச ஜிஏஏங்கற சங்கம், அங்கே ஆட்டக்காரங்களுக்கு சம்பளம் கிடையாது. 82,000 பேருக்கு மேல கொள்ற க்ரோக் பார்க்ல ஃபைனல் ஆடிட்டு அடுத்த நாள் காலையில வேலைக்குப் போறவங்க அவங்க. ஏலம் கிடையாது, காசு குடுத்து ஆளை வாங்குற பழக்கமும் கிடையாது. உங்க ஊர் கிளப்புக்கு ஆடுறீங்க, அதுல நல்லா ஆடினா உங்க மாவட்டத்துக்கு ஆடுறீங்க, அவ்வளவுதான். அதனால ஒரு மாவட்ட மேனேஜர் கையில இருக்கிறது அந்த ஊர்ல பொறந்து வளந்த பசங்க மட்டும்தான், தன் கோலுக்கு முன்னாடி நின்னு காக்கிற நல்ல ஃபுல்பேக் இல்லன்னா பக்கத்து மாவட்டத்துல போய் ஒருத்தனைக் கூட்டிட்டு வர முடியாது. காசும் இல்ல, கான்ட்ராக்டும் இல்லன்னா ஒரு மேனேஜர்கிட்ட என்ன அதிகாரம் மிச்சம் இருக்கு? ஞாயித்துக்கிழமை யாரு ஜெர்சி போடுறதுன்னு முடிவு பண்ற அதிகாரம் ஒண்ணுதான். கோடி அதை எப்படிப் பயன்படுத்தினாருங்கறதுதான் அவரோட மொத்தக் கதையும்.

கில்கென்னி சின்ன மாவட்டம், ஜனத்தொகை சுமாரா 1 லட்சம்தான். மத்த மாவட்டமெல்லாம் ஹர்லிங், கேலிக் ஃபுட்பால்னு ரெண்டையும் இழுத்துட்டு ஓடும்போது இவங்க ஃபுட்பாலை கிட்டத்தட்ட விட்டுட்டு ஹர்லிங்கே கதின்னு கிடப்பாங்க. கருப்பும் ஆம்பர் மஞ்சளும் பட்டை போட்ட ஜெர்சி, செல்லப்பேரு கேட்ஸ். அங்கே 1954ல பொறந்தவர் பிரையன் கோடி. கில்கென்னி டவுன்லயே இருக்கிற ஜேம்ஸ் ஸ்டீஃபன்ஸ் கிளப், ஊர்ல அதை ‘தி வில்லேஜ்’னு சொல்வாங்க, அதுதான் அவர் கிளப், அவங்கப்பா அந்தக் கிளப்போட சேர்மனா இருந்தவர். படிச்சது செயின்ட் கீரன்ஸ் காலேஜ், பேருதான் காலேஜ், உண்மையில ஸ்கூல், ஹர்லிங் ஆட்டக்காரங்களை வரிசையா உருவாக்கிக்கிட்டே இருக்கிற இடம். 1972ல கில்கென்னி மைனர் டீம், அதாவது 18 வயசுக்குக் கீழ இருக்கிற பசங்க டீம், ஆல் அயர்லாந்துங்கற நாடு தழுவிய பட்டத்தை ஜெயிச்சப்போ கேப்டன் இவர்தான், அப்புறம் 1974லயும் 1975லயும் 21 வயசுக்குக் கீழ் பட்டம். 1975ல சீனியர் ஃபைனல்ல கால்வே மாவட்டத்தை அடிச்ச டீம்ல டிஃபன்ஸ்ல நின்னார், அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரங்களுக்குக் குடுக்கிற ஆல் ஸ்டார் விருதும் கிடைச்சுது. 21 வயசுக்குள்ள ஒருத்தனுக்கு இவ்வளவு நடந்தா, இனிமே நமக்கு எல்லாமே ஏறுமுகம்தான்னு யாரா இருந்தாலும் நினைப்பாங்க.

அப்புறம்தான் 1978 வந்துச்சு. கார்க்குக்கு எதிரா ஆல் அயர்லாந்து ஃபைனல். பொறந்ததுல இருந்து டிஃபன்ஸ்ல ஆடின ஆளை அன்னைக்குக் கொண்டுபோய் ஃபுல் ஃபார்வர்டா நிறுத்தினாங்க, அதாவது எதிராளியோட கோலுக்கு முன்னாடி நின்னு கோல் போடுற இடம். எடுபடல. கில்கென்னி 2-8, கார்க் 1-15, தோத்தாச்சு. தோத்தாலும் டீமை ஊருக்குக் கூட்டிட்டு வந்து மேடையில ஏத்தி ஒவ்வொருத்தரா பேரு சொல்லி வரவேற்கிறது அங்கே வழக்கம், அந்த மேடையில கோடி பேரைச் சொன்னப்போ கூட்டத்துல இருந்து கூச்சல் போட்டு அவமானப்படுத்தினாங்க. வெளியூர்க்காரங்க இல்ல, சொந்த ஊர் ஜனம், தெனமும் தெருவுல பாக்கிற முகங்க. நினைச்சுப் பாருங்க, 24 வயசுப் பையன், சம்பளம் வாங்காம ஆடுறவன், கேக்காத இடத்துல நிறுத்தப்பட்டவன். அதுக்கப்புறம் டீம்ல இடமும் போச்சு.

அந்த இடத்துல நிறைய பேரு ஒதுங்கிப் போயிருப்பாங்க. இவர் கிளப்புக்குத் திரும்பப் போனார், ஃபுல்பேக்கா ஆடிக்கிட்டே இருந்தார். ஜேம்ஸ் ஸ்டீஃபன்ஸ் 1976லயே ஒரு தடவை கிளப் ஆல் அயர்லாந்து ஜெயிச்சவங்க, 1982ல மறுபடியும் ஜெயிச்சாங்க. கில்கென்னியில ஒரு வழக்கம் இருந்துச்சு, போன வருஷம் மாவட்ட சாம்பியனான கிளப்தான் அந்த வருஷ மாவட்டக் கேப்டனைச் சொல்லணும், அப்படித்தான் 1982ல கேப்டன் பதவி கோடிகிட்ட வந்துச்சு. ஃபைனல்ல யாருன்னா, அதே கார்க். கார்க்தான் ஜெயிக்கும்னு பெரும்பாலானவங்க எதிர்பார்த்த மேட்ச், கில்கென்னி 3-18க்கு 1-13னு அடிச்சாங்க, கிறிஸ்டி ஹெஃபர்னன் அடுத்தடுத்து ரெண்டு கோல் போட்டுக் கதையையே முடிச்சார். நாலு வருஷத்துக்கு முன்னாடி கூச்சல் வாங்கின அதே ஆள் ஆல் அயர்லாந்து சாம்பியனுக்குக் குடுக்கிற லியம் மெக்கார்த்தி கோப்பையைத் தூக்கினார், ரெண்டாவது ஆல் ஸ்டாரும் வந்துச்சு. அடுத்த வருஷம் 1983லயும் ஃபைனல்ல கார்க்கை 2-14க்கு 2-12னு ஜெயிச்சாங்க, அப்பவும் இவர்தான் ஃபுல்பேக். எண்பதுகளோட நடுவுலயே மாவட்ட ஆட்டம் முடிஞ்சுது.

தொழில் பிரைமரி ஸ்கூல் வாத்தியார், பிற்பாடு கில்கென்னியிலயே ஒரு ஆண்கள் ஸ்கூலுக்கு ஹெட்மாஸ்டர். இதை சும்மா ஒரு தகவலா விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல, ஏன்னா ஹர்லிங்ல இது திரும்பத் திரும்ப வருது. 1914க்கு அப்புறம் கோப்பையே பாக்காத கிளேர் மாவட்டத்துக்கு 1995ல ஜெயிச்சுக் குடுத்த கெர் லாஃப்னன் வாத்தியார், லிமரிக்கை 2018லயும் அப்புறம் 2020ல இருந்து 2023 வரைக்கும் வரிசையாவும் ஜெயிக்க வச்ச ஜான் கைலியும் ஸ்கூல் ஹெட்மாஸ்டர். சம்பளம் குடுக்காம, காசு அபராதம் போட முடியாம, முப்பது பசங்களைக் குளிர்கால ராத்திரியில மைதானத்துக்கு வர வச்சு உயிரைக் குடுத்து ஓட வைக்கணும்னா, கிளாஸ்ரூமை வருஷக்கணக்கா கட்டி மேய்ச்ச அனுபவம் கை குடுக்கும்னுதான் எனக்குத் தோணுது.

1998 கடைசியில கெவின் ஃபென்னலி விலகினப்போ கோடிகிட்ட கில்கென்னி டீமைக் குடுத்தாங்க. அப்போ கில்கென்னி கோப்பை ஜெயிச்சு அஞ்சு வருஷம் ஆயிருந்துச்சு, அந்த ஊருக்கு அஞ்சு வருஷங்கறது ரொம்ப நீளம். முதல் சீசனே ஃபைனலுக்குப் போய் மழையில கார்க்கிட்ட 0-13க்கு 0-12, ஒரே ஒரு பாயின்ட்ல தோத்தாங்க. 2000ல ஆஃபலியை 5-15க்கு 1-14னு நசுக்கி முதல் கோப்பை. எல்லாம் சரியாப் போகுதுன்னு நினைச்சா 2001 செமிஃபைனல்ல கால்வே வந்து முரட்டுத்தனமா மோதி 2-15க்கு 1-13னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. திறமையில குறைஞ்சு தோக்கல, மோதல்ல தோத்தாங்க, பந்துக்காக இடிக்கிற இடத்துலெல்லாம் கில்கென்னிக்காரன் பின்வாங்கினான்.

அங்கேதான் அவரோட மேனேஜர் வாழ்க்கையே உண்மையில ஆரம்பிக்குதுன்னு நான் சொல்வேன். அதுக்கப்புறம் வந்த கில்கென்னி டீம் எதுவும் மோதல்ல யாருக்கும் பின்வாங்கினதே இல்ல. கில்கென்னியோட சொந்த மைதானமான நோலன் பார்க்ல அவங்களுக்குள்ளயே ரெண்டு டீமாப் பிரிஞ்சு ஆடுற பிராக்டிஸ் மேட்ச் அயர்லாந்து முழுக்கப் பேரு வாங்குச்சு. கோடியே நடுவராவும் நிப்பார், விசில் கையில இருக்கும், ஊதமாட்டார். ஃபவுல் பண்ணான்னு நின்னு புகார் சொன்னா ஆட்டம் உன்னைத் தாண்டிப் போயிரும், அவ்வளவுதான். டீமோட பெரிய ஸ்டார் ஃபார்வர்ட் ஹென்ரி ஷெஃப்லினை மார்க் பண்றது ஜேஜே டிலேனி, டாமி வால்ஷ், ஜாக்கி டைரல் மாதிரி டிஃபன்ஸ்காரங்கன்னா, செப்டம்பர் ஃபைனல்ல எதிர்ல யார் வந்து நின்னாலும் அது புதுசாத் தெரியுமா சொல்லுங்க. அந்தக் காலத்துல ஆடின பல பேரு, சில செவ்வாய்க்கிழமை பிராக்டிஸ் க்ரோக் பார்க் மேட்சைவிடக் கஷ்டமா இருந்துச்சுன்னே சொல்லியிருக்காங்க.

அந்த பிராக்டிஸ் மேட்ச்ல நல்லா ஆடினவனுக்கு ஞாயித்துக்கிழமை ஜெர்சி. போன வருஷம் என்ன பண்ணேங்கிறது கணக்கே கிடையாது, உன் பேரு என்னங்கறதும் கணக்கு கிடையாது. இதை அவர் வாயில சொல்லி நிரூபிக்கல, ஆளை எடுத்துக் காட்டினார். 2003ல கேப்டன் சார்லி கார்ட்டர், அவர் கிளப் மாவட்ட சாம்பியனானதால வந்த பதவி. சாதாரண ஆள் இல்ல, ரொம்ப நுணுக்கமா ஆடுற ஃபார்வர்ட், ரசிகர்களுக்கு உயிர். கேப்டனா இருந்தும் கோடி அவரை பெஞ்ச்ல உட்கார வச்சார், கார்ட்டர் சீசன் நடுவுலயே விலகிப் போயிட்டார், அதே சமயத்துல பிரையன் மெக்கிவாயும் விலகினார். ஊர்ல பெரிய கொந்தளிப்பு, கேப்டனையே உட்கார வைப்பியான்னு. கோடி அசையல, கேப்டன் பதவி டிஜே கேரிக்குப் போச்சு, அந்த செப்டம்பர் ஃபைனல்ல கார்க்கை 1-14க்கு 1-11னு ஜெயிச்சு தொடர்ந்து ரெண்டாவது கோப்பை.

இதுல கார்ட்டர் பக்கம் நியாயமே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். அவ்வளவு வருஷம் ஊருக்காக ஆடின மனுஷனுக்கு அது எவ்வளவு கசப்பா இருந்திருக்கும்! கோடி தன் ஆட்டக்காரங்ககிட்ட தனிப்பட்ட முறையில அதிகம் பேசமாட்டார்ங்கறதும் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், வருஷக்கணக்கா அவர்கிட்ட ஆடினவங்களே அந்த தூரத்தைப் பத்திப் பேசியிருக்காங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. முப்பது பேர் இருக்கிற இடத்துல ஒருத்தன்கிட்ட மட்டும் நெருக்கமா இருந்துட்டு, அவனை உட்கார வைக்கிற நாள் வந்தா கை நடுங்கும். அந்த நடுக்கம் வரக்கூடாதுன்னுதான் அவர் தள்ளியே நின்னார்னு நினைக்கிறேன். 1978ல அந்த மேடையில நின்ன ஆளுக்கு உட்கார வைக்கப்படுறவனோட வலி தெரியாம இருக்காது.

2004ல வரிசையா மூணாவது கோப்பைக்குப் போனப்போ கார்க் 0-17க்கு 0-9னு மூடிட்டாங்க. கார்க்குக்காரங்க அப்போ பந்தைக் கைவிடாம சின்னச் சின்ன பாஸா ஓடிக்கிட்டே ஆடுற புது ஸ்டைல், கில்கென்னிக்கு அது பிடிபடல. 2005 செமிஃபைனல்ல கால்வேகிட்ட 5-18க்கு 4-18, கேக்கவே தலை சுத்துற ஸ்கோர், ஒரு டீம் 4 கோல் போட்டும் தோத்துச்சுன்னா பாத்துக்கோங்க. அப்போ கோடி காலம் முடிஞ்சுதுன்னு எழுதினவங்க உண்டு.

2006ல கார்க் வரிசையா மூணாவதைத் தேடி வந்தாங்க, கில்கென்னி 1-16க்கு 1-13னு நிறுத்தினாங்க. கார்க்குக்காரன் பந்தை எடுத்து நிமிந்து பாஸ் குடுக்க ஆளைத் தேடுறதுக்குள்ள மூணு கருப்பு மஞ்சள் ஜெர்சி மேல விழுந்துச்சு, ஃபார்வர்டுங்க கூட டிஃபன்ஸ் மாதிரி துரத்தினாங்க. பாஸ் விளையாட்டுக்கு பதிலா இவங்க வேற பாஸ் விளையாட்டைக் கத்துக்கல, பாஸ் குடுக்கவே நேரம் இல்லாம பண்ணிட்டாங்க. கோடிக்கு டாக்டிக்ஸ் தெரியாது, வெறும் முரட்டு ஆட்டம்னு சொல்றவங்ககிட்ட நான் இந்த ஒரு மேட்சைத்தான் காட்டுவேன்.

அப்புறம் 2007ல லிமரிக், 2008ல வாட்டர்ஃபோர்டு, 2009ல டிப்பரேரி. அந்த 2008 ஃபைனல் 3-30க்கு 1-13, அதாவது 23 பாயின்ட் வித்தியாசம், ஹர்லிங் ஆட்டத்தை இதைவிட முழுமையா ஆட முடியுமான்னு இன்னைக்கும் பேசிக்கிற மேட்ச், எனக்கு வாட்டர்ஃபோர்டு பசங்களைப் பாக்கவே பாவமா இருந்துச்சு, அவங்க அரை நூற்றாண்டா ஒரு கோப்பைக்குக் காத்துக் கிடந்தவங்க. 2009 அப்படி இல்ல, டிப்பரேரி கையில கிட்டத்தட்ட இருந்த மேட்ச், கில்கென்னி கோல்கீப்பர் பிஜே ரயன் எதெதையோ தடுத்துக்கிட்டே இருந்தார், கடைசி கட்டத்துல ஒரு பெனால்டி, அது குடுத்திருக்கக் கூடாதுன்னு டிப்பரேரியில இன்னைக்கும் சொல்வாங்க, ஷெஃப்லின் அதை வலைக்குள்ள அடிச்சார், கொஞ்ச நேரத்துல மார்ட்டின் கோமர்ஃபோர்ட் இன்னொரு கோல், 2-22க்கு 0-23. வரிசையா நாலு கோப்பைங்கறது அதுக்கு முன்னாடி 1941ல இருந்து 1944 வரைக்கும் கார்க் மட்டும்தான் பண்ணியிருந்தாங்க.

அஞ்சாவதுக்குப் போன 2010தான் வலிச்சுது. ஷெஃப்லினுக்கு முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சிருந்துச்சு, ஃபைனலுக்குள்ள சரியாயிடும்னு ஊரே நம்புச்சு, அவர் நோலன் பார்க்ல பிராக்டிஸ் பண்றாராம்னு கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கான ஜனம் அதைப் பாக்கவே வந்துச்சு. ஃபைனல்ல இறக்கினாங்க, கால் மணி நேரம்கூடத் தாங்கல, வெளியே வந்துட்டார். டிப்பரேரியோட லார் கார்பெட் மூணு கோல், 4-17க்கு 1-18. யாரையும் பேருக்காக ஆட வைக்கமாட்டார்னு பேரு வாங்கின மனுஷன் அன்னைக்கு ஒரே ஒருத்தருக்காக வழக்கத்தைவிட்டு விலகினாரோன்னு எனக்கு அப்பவும் தோணுச்சு, இப்பவும் தோணுது. ஷெஃப்லின் மாதிரி ஒருத்தரை அந்த நாள்ல வெளியே வைக்கிறது யாராலயும் முடிஞ்சிருக்காதுதான்.

அடுத்த வருஷமே அதே டிப்பரேரியை 2-17க்கு 1-16னு ஜெயிச்சுத் திருப்பிக் குடுத்தாங்க. 2012ல லெய்ன்ஸ்டர்ங்கற மாகாணப் போட்டி ஃபைனல்ல கால்வேகிட்ட மோசமா அடி வாங்கி, மறுபடியும் அதே கால்வேயோட ஆல் அயர்லாந்து ஃபைனல்ல மோதி டிரா ஆச்சு, ரீப்ளே வச்சாங்க. அந்த ரீப்ளேவுக்கு கோடி என்ன பண்ணார்னா, அதுவரைக்கும் சாம்பியன்ஷிப்ல முழு மேட்ச் ஆரம்பிச்சே பழக்கமில்லாத வால்டர் வால்ஷ்ங்கற 21 வயசுப் பையனை நேரா ஃபைனல்ல ஸ்டார்ட் பண்ண வச்சார். பையன் 1 கோல் 3 பாயின்ட், மேன் ஆஃப் த மேட்ச், கில்கென்னி 3-22க்கு 3-11.

2014லயும் இதே கதைதான், அது இன்னும் அழகு. டிப்பரேரியோட முதல் ஃபைனல் 3-22க்கு 1-28, ரெண்டும் 31, கடைசி நொடியில ஜான் ஓட்வயர் ரொம்ப தூரத்துல இருந்து அடிச்ச ஃப்ரீயை, அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கிற அடியை, ஹாக்ஐ கேமரா பாத்து மயிரிழையில வைடுன்னு சொன்னதாலதான் டிரா. ரீப்ளேவுக்கு கோடி சென்டர் பேக்கையே மாத்தினார், முன்னாடி கேப்டனா இருந்த அனுபவஸ்தர் பிரையன் ஹோகனை உட்கார வச்சுட்டு கீரன் ஜாய்ஸை இறக்கினார், ஜாய்ஸ் மேன் ஆஃப் த மேட்ச். ஜான் பவரையும் ஸ்டார்ட் பண்ண வச்சார், அவரும் ஒரு கோல், அவர் அண்ணன் ரிச்சி பவரும் ஒரு கோல், 2-17க்கு 2-14. அந்த ஃபைனல்ல ஷெஃப்லின் எங்கே இருந்தார் தெரியுமா? பெஞ்ச்ல. ஹர்லிங்ல அதுக்கு முன்னாடி யாரும் எட்டாத பத்தாவது ஆல் அயர்லாந்து மெடலை ஷெஃப்லின் சப்ஸ்டிட்யூட்டாதான் வாங்கினார். 2010ல செய்ய முடியாததை 2014ல செஞ்சார்.

இதுக்கு நடுவுல 2013ல கோடிக்கு இதயத்துல ஆபரேஷன் நடந்துச்சு, அவர் இல்லாத வாரங்கள்ல செலக்டர் மார்ட்டின் ஃபோகர்ட்டியும் ட்ரெய்னர் மிக் டெம்ப்சியும் பாத்துக்கிட்டாங்க, கோடைக்குள்ள லைன்ல வந்து நின்னுட்டார். அந்தத் தொப்பி, கையில எச்சில் துப்பித் தேய்ச்சுக்கிட்டு நிக்கிற அந்த நிலை, எல்லாம் பழையபடியே.

2014 முடிஞ்சதும் டாமி வால்ஷ், டிலேனி, ஹோகன் எல்லாம் விலகினாங்க, அடுத்த மார்ச்ல ஷெஃப்லினும். ஒரு தலைமுறையே போயிருச்சு, இனிமே எங்கேன்னு எல்லாரும் கேட்டப்போ 2015ல கால்வேயை 1-22க்கு 1-18னு ஜெயிச்சுட்டாங்க. அது பதினொண்ணாவது, கில்கென்னி மாவட்டத்துக்கு மொத்தத்துல 36வது. அதாவது நூத்தி முப்பது வருஷக் கணக்குல அந்த மாவட்டம் ஜெயிச்சதுல மூணுல ஒரு பங்கு கிட்டத்தட்ட இவர் ஒருத்தர் மேனேஜரா இருந்தப்போ வந்தது. 18 லெய்ன்ஸ்டர் பட்டமும் 17 வருஷம் ஆல் அயர்லாந்து ஃபைனலும் இதே காலத்துலதான்.

அதோட நின்னுது. 2016 ஃபைனல்ல டிப்பரேரி 9 பாயின்ட்ல அடிச்சாங்க, 2017ல வாட்டர்ஃபோர்டுகிட்ட ஃபைனலுக்கு ரொம்ப முன்னாடியே வெளியே. 2019ல சாம்பியன் லிமரிக்கை செமிஃபைனல்ல ஒரு பாயின்ட்ல கவுத்தாங்க, நான் பாத்த கோடி டீம்கள்ல ரொம்பப் பிடிச்ச ஜெயிப்பு அது, ஆனா ஃபைனல்ல முதல் பாதியிலயே ரிச்சி ஹோகனுக்கு ரெட் கார்டு, டிப்பரேரி 3-25க்கு 0-20. கில்கென்னி பழைய மாதிரி நீளமா அடிச்சு ஆடுது, மத்தவங்க பந்தைக் கையில வச்சு நிதானமா ஆடுறாங்க, கோடி மாறமாட்டேங்கறார்னு விமர்சனம் அந்த வருஷங்கள்ல நிறைய வந்துச்சு, அதுல உண்மையும் இருக்கு. 2006ல காட்டின பதில் மாதிரி ஒண்ணு இந்தத் தடவை அவர்கிட்ட வரல. ஆனா அந்த டீம்ல இருந்த ஆளுங்களை வச்சு வேற யாராவது அதைவிட தூரம் போயிருப்பாங்களான்னா, நான் இல்லைன்னுதான் சொல்வேன்.

கடைசி சீசன் 2022. கால்வே மேனேஜரா வந்து எதிர்ல நின்னது யாரு, ஷெஃப்லின். கால்வேயோட சொந்த மைதானமான சால்ட்ஹில்ல நடந்த மேட்ச்ல கால்வே 1-24க்கு 1-23, கடைசி நிமிஷ ஃப்ரீயில ஒரு பாயின்ட்ல ஜெயிச்சாங்க. முடிஞ்சதும் ரெண்டு பேரும் கை குடுத்துக்கிட்டாங்க, கோடி ரொம்ப இறுக்கமா ஒரு கை, கண்ணை நேராப் பாத்து, ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லாம. அந்த நாலு செகண்டை வாரக்கணக்குல அயர்லாந்து முழுக்கப் பேசுனாங்க. என்ன பகைன்னு தோண்டினவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல. எனக்கு அதுல பகை தெரியல. தோத்த அஞ்சாவது நிமிஷம் எதிரணி மேனேஜரா நிக்கிறவன் பத்து மெடல் வாங்கிக் குடுத்த பையனா இருந்தாலும் அவருக்கு அது எதிரணி மேனேஜர்தான். அடுத்த மாசமே லெய்ன்ஸ்டர் ஃபைனல்ல கால்வேயை 5 பாயின்ட்ல ஜெயிச்சாங்க.

ஜூலை 17, க்ரோக் பார்க், எதிர்ல வரிசையா மூணாவதைத் தேடி வந்த லிமரிக். ஆரம்பத்துலயே கில்கென்னி பின்தங்கினாங்க, திரும்ப வந்தாங்க, ரெண்டாவது பாதியில ரெண்டு கோல் போட்டு சமமாக்கினாங்க, கடைசியில 1-31க்கு 2-26, ரெண்டே பாயின்ட்ல போச்சு. அதுக்கு அஞ்சு நாள் முன்னாடிதான் அவருக்கு 68 வயசு ஆச்சு. அடுத்த சனிக்கிழமை மாவட்ட போர்டு ஒரு சின்ன அறிக்கை விட்டுச்சு, கோடி விலகறார்னு, அவ்வளவுதான். அவரோட பழைய ஆட்டக்காரர், பிற்பாடு அவர்கூடவே செலக்டரா இருந்த டெரக் லிங் அந்த இடத்துக்கு வந்தார்.

இதெல்லாம் படிச்சுட்டு எங்கே ஆரம்பிச்சுப் பாக்கறதுன்னு கேட்டீங்கன்னா, 2014 ஃபைனல் ரெண்டையும் பாருங்க, முதல்ல டிராவான மேட்ச், அப்புறம் ரீப்ளே. ரீப்ளேல ஒரு கட்டத்துல டிப்பரேரியோட சீமஸ் காலனன் பந்தோட தனியா கோலை நோக்கி ஓடுவார், அடிக்க மட்டையை ஓங்குவார், பின்னாடி துரத்திட்டு வர்ற டிலேனி முழு நீளத்துக்கும் கையை நீட்டித் தன் மட்டையால அந்த மட்டையைத் தடுத்துருவார், அதுக்கு ஹுக்னு பேரு. டிலேனிக்கு அப்போ 32 வயசு, கில்கென்னிக்கு அவர் ஆடின கடைசி மேட்ச் அது. அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி ரெண்டு மூணு தடவை பாருங்க.